கண் வெளுத்த மீன்

‘கண்ணு வெளுக்குதுக்கா. வந்து சொல்றேன்.’

தங்கை கடைசியாக அனுப்பிய செய்தி அவ்வளவுதான். நேற்று மதியம் வந்தது. அதற்குப் பிறகு அவள் போன் செத்துப்போனது. அவளைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு ஆளும் இல்லை.

அக்காவுக்குப் பிழைப்பே காணாமல் போனவர்களைத் தேடுவதுதான். ஓடிப்போன கணவன்மார், ஒளிந்துகொண்ட கூட்டாளிகள், மறதியில் வழி தவறிய அப்பாக்கள் என்று எத்தனையோ பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டு வாசலில் விட்டிருக்கிறாள். வாடிக்கையாளருக்கும் போலீஸ்காரருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் அவள் ‘அக்கா’தான். ஆனால் கூடப் பிறந்து அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அந்த ஒருத்தியைத்தான் இப்போது காணோம்.

செய்தியைப் பார்த்ததுமே அக்கா தேடக் கிளம்பிவிட்டாள். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தக் குறைவு. கீழ் இமையை இழுத்துப் பார்த்து, “கண்ணு வெளுத்துக் கிடக்கு பாரு” என்று அம்மா மாத்திரையை நீட்டுவாள். எங்கேயோ மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். பிணவறையில்கூட விசாரித்தாள். அங்கே ஒரு துணியை விலக்கிக் காட்டினார்கள். வேறு யாரோ ஒரு பெண். அப்பாடா என்று மூச்சு விட்ட அடுத்த நொடியே, அந்தப் பெண்ணுக்கும் ஒரு அக்கா இருப்பாளே என்று துணியைத் தானே இழுத்து மூடினாள்.

விடியும்போது இன்ஸ்பெக்டர் போன் செய்தார். தங்கையின் கணவனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். தங்கை காணாமல் போனதற்கு முந்தின நாள் ராத்திரி இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. சத்தம் அடுத்த வீடுவரை கேட்டிருக்கிறது.

“உங்களுக்கு அவர் மேல சந்தேகம் உண்டா?” என்று கேட்டார்.

“எனக்கு இப்ப எல்லார் மேலயும் சந்தேகம்” என்றாள் அக்கா. மாப்பிள்ளைக்காக அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

இன்று மதியம், தங்கை வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாவது மாடியில் லிஃப்ட்டை விட்டு இறங்கினாள். கூடவே அவள் உதவியாளன் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நிறுத்த முடியாத வாய் என்பதால் ஊர் வைத்த பெயர் அது.

“அக்கா, ஒரு வாய் தண்ணியாவது குடிங்க. வண்டிக்கே பெட்ரோல் போட்டாத்தான் ஓடுது. நீங்க என்ன, சோலார்ல ஓடுறீங்களா?”

“பேசாம வா.”

விடுமுறை நாள். நீளமான நடைபாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. சுவரில் ஒரு பெரிய டி.வி. மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு மீன் கரு. அதன் நெஞ்சில் ஒரு ஓட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டை சுருங்கி மூடிக்கொண்டது. ‘எங்கள் புதிய மருந்தில் காயம்பட்ட இதயம் ஆறுகிறது’ என்று கீழே எழுத்து வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அதன் அடியில் பேராசிரியர் நின்றிருந்தார். தங்கையின் மேலதிகாரி. நரைத்த தாடி, இஸ்திரி கலையாத சட்டை, இரக்கம் வழியும் குரல்.

“வாங்கம்மா. எங்க எல்லாருக்குமே ராத்திரி தூக்கம் இல்ல” என்றார். “உங்க தங்கச்சி நேத்து மதியம் மைக்ராஸ்கோப்பை ஓட விட்டுட்டு வெளிய போயிட்டாங்க. அதுதான் எங்களுக்குத் தெரிஞ்சது. வீட்ல ஏதோ பிரச்சனைன்னு கேள்விப்பட்டேன்... நான் சொல்லக் கூடாது.”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே சொல்லிட்டீங்களே சார்” என்றான் ரேடியோ.

அக்கா அவனை முறைத்தாள். “நடைபாதைக் கேமரா?”

“ரிப்பேர்ல இருக்கு. ஆனா அறைக்குள்ள மைக்ராஸ்கோப் கேமரா நேத்து மதியத்துலேர்ந்து விடியக்காலம் வரைக்கும் ஓடியிருக்கு. அதைப் படமாப் போட்டு போலீசுக்குக் குடுத்தாச்சு. அதுல ஒண்ணும் இல்ல. நீங்களும் பாருங்க.”

அவர் ஒரு கதவைத் தள்ளினார். உள்ளே கறுப்புத் திரை. திரைக்கு உள்ளே இருட்டு. ஒரு மூலையில் சிவப்பு விளக்கு. காற்றுக் கால்களில் மிதக்கும் கனத்த மேஜை. அதன் மேல் கறுப்புத் துணி போர்த்திய மைக்ராஸ்கோப். கம்ப்யூட்டருக்கு முன்னால் சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஒருவன் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். தங்கையோடு வேலை பார்ப்பவன். அவள் வீட்டில் பேசும்போது ‘எங்க லென்ஸ்’ என்பாளே, அவன்தான்.

பேராசிரியருக்கு ஏதோ போன் வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

“படத்தைப் போடுங்க தம்பி” என்றாள் அக்கா.

“இது ஒரு படம் இல்லங்க, படக்கட்டு” என்றான் லென்ஸ். “கேமரா கொஞ்ச நேரத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டே இருக்கும். நூத்துக்கணக்குல சேரும். எல்லாத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி இந்த சாஃப்ட்வேர்ல குடுத்தா, சினிமாவா ஓட்டிக் காட்டும். உங்க தங்கச்சி, எங்க சீனியர், தினமும் செய்யுற வேலை.”

திரையில் ஒரு மீன் கரு மெல்ல வளர்ந்தது. வால் நீண்டது. உடம்பு திரண்டது. அவ்வளவுதான். அக்காவுக்கு உள்ளுக்குள் இருந்த கடைசிக் கயிறும் அறுந்தது போல இருந்தது. தங்கையைக் கடைசியாகப் பார்த்த கண் இந்த மைக்ராஸ்கோப்தான். ஆனால் அது மீனை மட்டும்தான் பார்த்திருக்கிறது.

“நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ” என்றான் ரேடியோ. “அந்த இடத்துல படம் ஏன் மணல் தூவின மாதிரி பொரிஞ்சு போச்சு?”

“கேமராவோட நாய்ஸா இருக்கும், வெறும் புள்ளிக் கோளாறு.”

“தம்பி, நான் இந்த அக்காகிட்ட வர்றதுக்கு முன்னாடி கல்யாண வீடியோ வெட்டினவன். பொண்ணோட அப்பா வழுக்கைத் தலையில லைட் அடிச்சு படமே வெளுத்துப் போயிருக்கும். ‘எங்கப்பா முகம் தெரியணும்’னு அழுவாங்க. வெளிச்சத்தை இழுத்துப் பிடிச்சு சரிக்கட்டினா முகம் வரும், கூடவே இந்த மணலும் வரும். இங்க யாரோ வெளிச்சத்தைச் சரிக்கட்டியிருக்காங்க.”

அக்கா லென்ஸை நோக்கித் திரும்பினாள். அந்தப் பார்வைக்கு எத்தனையோ பொய்கள் உதிர்ந்திருக்கின்றன.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க!” லென்ஸ் எழுந்தே விட்டான். “அது சாஃப்ட்வேரோட வழக்கம். நாம எதுவும் சொல்லலைன்னா ஒவ்வொரு போட்டோவையும் தனித்தனியாப் பார்த்து, கூடுதல் வெளிச்சத்தைத் தானே குறைச்சிடும். சார் அவசரமா ஒரு படம் கேட்டாரு. அப்படியே போட்டுக் குடுத்தேன்.”

“இருட்டறைக்குள்ள கூடுதல் வெளிச்சம் எங்கேர்ந்து வரும்?”

லென்ஸ் யோசித்தான். அவன் வாய் பிளந்தது.

“கதவைத் திறந்தா வரும்” என்றான்.

அக்காவின் முதுகு நிமிர்ந்தது. “எனக்குச் சமைச்ச படம் வேணாம். பச்சையா இருக்கிற போட்டோவைக் குடு. எல்லாத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம். ரேடியோ, உன் பெட்டியை எடு.”

ரேடியோ தன் மடிக்கணினியைத் திறந்தான். மூடியில் இரண்டு இதயங்கள் ஒட்டிய பழைய ஸ்டிக்கர். போட்டோக்களை மொத்தமாக அள்ளி, கல்யாண வீடியோ வெட்டும் செயலியில் கொட்டி, ஓட விட்டான்.

திரை இருட்டாக ஓடியது. திடீரென்று பளிச்! மறுபடி இருட்டு. கொஞ்சம் கழித்து இன்னொரு பளிச். உடனே மறைந்து, பின்னாலேயே மறுபடியும் ஒன்று. பிறகு கடைசிவரை இருட்டு.

“மூணு தடவை திறந்திருக்கு” என்றான் ரேடியோ.

லென்ஸ் பெருமூச்சு விட்டான். “அப்போ சார் சொன்னது சரிதாங்க. முதல் தடவை சீனியர் வெளிய போயிருக்காங்க. அப்புறம் யாரோ உள்ள வந்து பார்த்துட்டு உடனே போயிருக்காங்க. சுத்தம் பண்றவங்களா இருக்கும்.”

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் தங்கை தானாகவே வெளியே போயிருக்கிறாள். வெளியே போனவள் எங்கே போனாள்? வீட்டுக்கா? அங்கே அவன் இருந்தானே. இன்ஸ்பெக்டர் இந்நேரம் மாப்பிள்ளையை எந்த மாதிரி விசாரித்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதை நிறுத்தச் சொல்லவும் மனசில்லை, நடக்கட்டும் என்று விடவும் மனசில்லை. தங்கை கல்யாணத்தன்று அவனிடம், ‘அவ கண்ணுல தண்ணி வந்தா உன்னை விடமாட்டேன்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் அவள். இப்போது சிரிப்பு இல்லை.

“கிளம்பலாம்” என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

“இருங்கக்கா. இந்த மீன் என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது.”

“ரேடியோ!”

“சத்தியமாக்கா. நீங்களே பாருங்க.”

படம் மறுபடி ஓடியது. மீன் வளர்ந்தது, சட்டென்று சுருங்கியது, மறுபடி வளர்ந்தது. அதன் கண் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறித் துடித்தது.

“பெரியவனாகி மறுபடி எதுக்குக் குழந்தையாகுது?” என்று கேட்டாள் அக்கா.

லென்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். “வரிசை தப்புங்க! இவர் செயலி அகராதி மாதிரி அடுக்கியிருக்கு. ஒண்ணாம் நம்பர் போட்டோவுக்கு அப்புறம் ரெண்டு வராது. பத்து வரும், நூறு வரும். முதல் எழுத்து ஒண்ணா இருக்கிறதையெல்லாம் ஒண்ணாக் கூட்டிட்டு வந்திடும். எங்க சாஃப்ட்வேர் எண் வரிசையில அடுக்கும். இங்க குடுங்க.”

“என் செயலி கல்யாண வீட்டுச் செயலி. சொந்தக்காரங்களையெல்லாம் ஒரே வரிசையில உட்கார வெச்சிடும்” என்று முனகினான் ரேடியோ.

லென்ஸ் தன் கம்ப்யூட்டரில் வரிசையைச் சரிசெய்தான். வெளிச்சம் ஒரே அளவு. ஓட விட்டான்.

இருட்டு. ஒரு பளிச். நீண்ட இருட்டு. பிறகு இன்னொரு பளிச். ஆனால் இது சட்டென்று அணையவில்லை. அடுத்த போட்டோவிலும் அதே வெளிச்சம். பிறகு இருட்டு.

பின்னால் வந்த இரண்டும் தனித்தனி இல்லை. அடுத்தடுத்த போட்டோக்கள். அகராதி வரிசை அவற்றின் நடுவில் வேறு போட்டோக்களை உட்காரவைத்துப் பிரித்திருக்கிறது.

“மூணு இல்ல, ரெண்டு” என்றாள் அக்கா மெதுவாக. “கதவு திறந்தது ரெண்டே தடவை. ரெண்டாவது தடவை ரொம்ப நேரம் திறந்தே இருந்திருக்கு.”

“ஒண்ணு குறைஞ்சா என்னக்கா?”

“எல்லாமே தலைகீழாகும். கேமராவை ஓட விடும்போது அவ உள்ள இருந்தா. முதல் தடவை அவ வெளிய போயிருந்தா, ரெண்டாவது தடவை யாரோ உள்ள வந்திருக்கணும். வந்த ஆள் இன்னும் இங்கேயே இருக்கணும். காலையில போலீஸ் வந்தப்போ அறை காலி. அப்போ முதல் தடவை அவ போகல. யாரோ உள்ள வந்திருக்காங்க. ரெண்டாவது தடவை ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய போயிருக்காங்க.”

ரேடியோவுக்கு முதல் முறையாகக் குரல் தாழ்ந்தது. “எட்டிப் பார்த்துட்டு மட்டும் போயிருந்தா? அப்புறம் அவங்க தனியா போயிருக்கலாமே?”

“அந்த நீள வெளிச்சத்துல நிறுத்துங்க தம்பி.”

லென்ஸ் நிறுத்தினான். மீன் திரையின் நடுவில் இல்லை. ஓரத்துக்குத் தள்ளிப்போய்க் கலங்கலாகக் கிடந்தது.

“மேஜை ஆடியிருக்கு” என்றான் லென்ஸ். “இது காத்துல மிதக்குற மேஜைங்க. ஆள் நடந்தா ஒரு முடிகூட அசையாது. சிலிண்டர் தள்ளுற வண்டியை வாசப்படியில ஏத்தி இறக்கினா மட்டும்...” என்று நிறுத்திக்கொண்டான்.

இரண்டு பேர் ஒன்றாக வெளியே போயிருக்கிறார்கள். ஒருவர் நடந்து. ஒருவர் வண்டியில்.

அக்கா ஒரு கணம் கண்ணை மூடினாள். அழுதால் நேரம் போகும். “வண்டி எங்க போச்சு? இது மூணாவது மாடி. கனமான வண்டியைப் படியில இறக்க முடியாது. லிஃப்ட் எங்க?”

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். அது ஓடினா படம் லேசா நடுங்கும். சீனியர் அதுக்காகவே லிஃப்ட்டைத் திட்டிக்கிட்டே...” லென்ஸ் சட்டென்று புரிந்துகொண்டு படத்தை ஓட்டினான். மதியத்துப் போட்டோக்களில் அங்கங்கே மீனுக்கு மெல்லிய நடுக்கம். அந்த நீள வெளிச்சத்துக்குப் பிறகு வெகுநேரம் மீன் ஆணி அடித்த மாதிரி அசையாமல் இருந்தது.

“லிஃப்ட் ஓடல” என்றாள் அக்கா. “வண்டி கீழ போகல. அவ இந்த மாடியிலதான் இருக்கா. போலீஸ் பார்க்காத அறை எது?”

“எல்லாத்தையும் பார்த்தாங்க. குளிர் அறை மட்டும்தான்... அதுல விஷவாயு கசியுதுன்னு நேத்து சாயங்காலம் போர்டு மாட்டிப் பூட்டியிருக்கு.”

“யார் மாட்டினது?”

“சார்.”

குளிர் அறை. ரத்தம் இல்லாத உடம்பு. ஒரு நாள். அக்கா அதற்குமேல் கணக்குப் போடவில்லை. எழுந்தாள். எழுந்தவள் பார்வை திரையில் நின்றது. படம் முதலிலிருந்து ஒழுங்கான வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி இருந்த மீனின் கண்ணில் மெல்ல மெல்ல மை ஏறியது.

“தம்பி, இதோட கண்ணு எப்பவும் இப்படித்தானா?”

“ஆமாங்க. கரு வளர வளர கண்ணுல கறுப்பு ஏறும்.”

“வெளுக்காதா?”

“வெளுக்கவே வெளுக்காது. படத்தைப் பின்னாடியிலேர்ந்து ஓட்டினாத்தான் வெளுக்கும்.”

அக்கா கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். சுவரில் இருந்த டி.வி.யின் முன்னால் நின்றாள். மீனின் நெஞ்சில் இருந்த ஓட்டை சுருங்கி ஆறிக்கொண்டிருந்தது. கூடவே, யாரும் பார்க்காத மேல் மூலையில், மை மாதிரி இருந்த கண் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.

*கண்ணு வெளுக்குதுக்கா.*

தங்கை தன் கண்ணைச் சொல்லவில்லை. ஆறும் இதயம் என்று ஊரெல்லாம் கைதட்டிய படம், உண்மையில் ஒரு நல்ல இதயம் கெட்டுப்போகும் படம். படக்கட்டைத் திருப்பி அடுக்கிப் பின்னாலிருந்து ஓட்டியிருக்கிறார் பேராசிரியர். மருந்து ஆற்றவில்லை, அழித்திருக்கிறது. அதைத் தங்கை கண்டுபிடித்துவிட்டாள். அக்கா அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பிணவறை வாசலில் நின்றிருக்கிறாள்.

நடைபாதைக் கோடியில் இரும்புக் கதவு. ‘வாயுக் கசிவு. திறந்தால் உயிருக்கு ஆபத்து’ என்ற பலகை. அதன் பக்கத்திலேயே பேராசிரியர் காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

“சாவி” என்றாள் அக்கா.

“அய்யய்யோ, கிட்ட வராதீங்கம்மா. உள்ள முழுக்க விஷம்.”

“விஷத்தைத் தொட்டுக்கிட்டா டீ குடிக்கிறீங்க?” என்றான் ரேடியோ.

டீ பேராசிரியரின் சட்டையில் சிந்தியது.

“சார், உங்க மீனுக்குக் கண்ணு வெளுக்குது” என்றாள் அக்கா.

அவர் முகம் இடிந்துபோனது. அதற்கு மேல் அவள் அவரைப் பார்க்கவில்லை. பூட்டைப் பிடித்து இழுத்தாள். கதவைக் கையால் அறைந்தாள். “பாப்பா! பாப்பா!” என்று கத்தினாள். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

“தள்ளுங்கக்கா.” ரேடியோ சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றித் தூக்கி, பூட்டின் மேல் இறக்கினான். மறுபடி இறக்கினான். லென்ஸ் ஓடிவந்து அவனும் பிடித்தான். பூட்டு வளைந்தது. பேராசிரியர் அவர்கள் கையைப் பிடிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் அடிக்கல” என்று முணுமுணுத்தார். “பேசிக்கிட்டு இருந்தோம். கையை உதறினேன். அலமாரி முனையில தலை இடிச்சு விழுந்தா. செத்துட்டாள்னு நினைச்சேன். ராத்திரி கார்ல ஏத்திடலாம்னு பார்த்தேன். அந்த ஆள் வாசலை விட்டு நகரவே இல்ல. ‘என் பொண்டாட்டி உள்ளதான் இருக்கா, அவ வராம போகமாட்டேன்’னு விடியிற வரைக்கும் கேட்டுக்குக் குறுக்கால உட்கார்ந்திருந்தான்.”

பூட்டு தெறித்தது.

குளிர் முகத்தில் அடித்தது. மங்கலான விளக்கு. இரும்பு அலமாரிகள், குப்பிகள், அடுக்கடுக்காக தெர்மகோல் பெட்டிகள். தள்ளுவண்டி காலியாக நின்றது. வண்டியில் வந்தவள் வண்டியில் இல்லை.

“இங்க!” என்று அலறினான் லென்ஸ்.

தெர்மகோல் பெட்டிகளைத் தன்னைச் சுற்றிச் சுவராக அடுக்கி, அதன் நடுவில் சுருண்டு கிடந்தாள் தங்கை. கண்ணாடிச் சாமான்கள் உடையாமல் சுற்றி அனுப்பும் குமிழ்த்தாளை உடம்பு முழுக்கச் சுற்றியிருந்தாள். காதோரம் ரத்தம் உறைந்திருந்தது. விழுந்து மயங்கியவளுக்கு நடுவில் நினைவு வந்திருக்கிறது. கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். விரல் முட்டிகள் தோலுரிந்திருந்தன. தட்டி ஓய்ந்த பிறகு, சாகமாட்டேன் என்று தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. கழுத்தில் விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. இடம் மாற்றி வைத்தாள். ஒன்றும் இல்லை. “இரு பாப்பா, இரு பாப்பா” என்று சொல்லிக்கொண்டே மறுபடி வைத்தாள். எங்கோ ஆழத்தில், நூல் மாதிரி, ஒரு துடிப்பு.

ரேடியோ தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். ஆம்புலன்சுக்குப் போன் செய்தவன், முகவரி சொல்லும்போது அழுதுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மெல்லத்தான் சூடேற்ற வேண்டும், இதயம் தாங்க வேண்டும் என்றார் டாக்டர். பிழைப்பாள் என்று சொல்லவில்லை; பிழைக்கமாட்டாள் என்றும் சொல்லவில்லை. அக்கா சுவரோரம் நின்றாள். எத்தனையோ வீட்டுக்காரர்களிடம், ‘நம்பிக்கையா இருங்க’ என்று அவள் சொன்னதுண்டு. அது எவ்வளவு உதவாத வார்த்தை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வெயில் சாயும் நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கி வந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். புறங்கை பொம்மென்று வீங்கியிருந்தது.

“உயிரோட இருக்காளா அண்ணி?”

“இருக்கா.”

அவன் அப்படியே சுவரில் சாய்ந்து கீழே சரிந்தான். அக்கா அவன் எதிரே நின்றாள்.

“அந்தச் சண்டை எதுக்குப்பா?” என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “இப்பதான் ஒருத்தர் அதை அடிக்காம கேக்குறீங்க. அவ அந்த சார்கிட்ட தனியாப் போய்க் கேக்கப்போறேன்னு சொன்னா. வேணாம், அக்காவைக் கூட்டிட்டுப் போன்னேன். அக்காவுக்கு ஆயிரம் வேலை, முதல்ல நானே பேசிக்கிறேன்னா. நான் கத்தினேன். அவளும் கத்தினா.”

“போலீஸ்ல சொல்லலையா?”

“நாள் பூரா அதைத்தான் சொன்னேன். எனக்கு அவ வேலை எங்க புரியுது அண்ணி? மீனுக்குக் கண்ணு வெளுத்துப்போச்சு, அதனாலதான் சண்டைன்னு சொன்னேன். நக்கலடிக்கிறியான்னு கேட்டு அடிச்சாங்க. மறுபடி கேட்டாங்க. மறுபடியும் அதையேதான் சொன்னேன். வேற என்ன சொல்றது?”

மூன்று மாடி ஏறி, ஒரு படக்கட்டைப் பிரித்து, மீனின் கண்ணைப் பார்த்து அவள் கண்டுபிடித்த விஷயம், விடிந்ததிலிருந்து இவன் வாயில் இருந்திருக்கிறது. ஒரே ஒரு போன் போதும். ஊரையே கேள்வி கேட்கிறவள், இவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“என்னை மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரல” என்றாள்.

“நீங்க அவளைக் கண்டுபிடிச்சீங்க.”

“நீ வாசல்ல உட்கார்ந்ததாலதான் அவ அங்க இருந்தா.”

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “கண் முழிச்சுட்டாங்க. ஒருத்தர் மட்டும் வாங்க.”

“போப்பா” என்றாள் அக்கா.

அவன் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். ரேடியோ ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் கையில் வைத்தான். இந்தமுறை குடித்தாள். பாதி தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை கதவருகே வந்தான். அழுதிருந்தான்.

“பேசினாளா?”

“ஒரே ஒரு வார்த்தைதான் பேசினா. அக்கான்னா. நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன். வாங்க அண்ணி.”

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். நேற்றிலிருந்து நிற்காமல் ஓடிய கால் இப்போது அசைய மறுத்தது. மறுபடி முயன்றாள். முடியவில்லை.

மாப்பிள்ளை கிட்டே வந்து, வீங்கிய கையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.